பாதிக் குவியல்

அம்பலவாணனுக்கு அறுபத்தாறாவது வயதில் ஒரு குரு கிடைத்தாள். குருவுக்கு நாற்பத்து மூன்று வயது. பெயர் எஸ்தர்.

கடலை ஒட்டிய உப்பளங்களுக்கு நடுவே, முன்பு உப்பு மூட்டைகள் அடுக்கிவைத்த ஓட்டுக் கொட்டகையில் அவள் தனியாக இருந்தாள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் உப்பளத்துப் பெண்கள் அவளை டீச்சரம்மா என்றார்கள். தினமும் காலையில் ஒரே வரப்பை ஒரு சிறிய தாளில் வரைவாள். முடிந்ததும் தாளைக் கவிழ்த்து அடுக்கிவிடுவாள். பதினோரு வருடமாக அதே வரப்பு.

அந்தத் தாள்களில் எட்டை அம்பலவாணன் சென்னையில் ஒரு கண்காட்சியில் பார்த்தார். மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நடுவில் ஒரு மண்கோடு. வந்தவர்கள் ஒரு நிமிடத்தில் கடந்து போனார்கள். அவர் மட்டும் காவலாளி மின்விசிறிகளை நிறுத்தும்வரை நின்றார். ஒரே வரப்புதான், ஆனால் எட்டுத் தாளிலும் எட்டு வேறு வரப்புகளாக இருந்தன.

வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதினார். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. தை பிறந்ததும் வாருங்கள், உங்கள் தூரிகைகள் எதுவும் வேண்டாம் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

வந்த அன்று, என்ன வேண்டும் என்று கேட்டாள்.

அவர் சொன்னார். வாரப் பத்திரிகைகளில் கதைகளுக்குப் படம் போடுகிறவராக வாழ்நாளைக் கழித்திருந்தார். அவர் வரைந்த பெண் பிரபலமானவள். பெரிய கண்கள், நெற்றியில் விழும் ஒற்றை முடிக்கற்றை, சற்றே சாய்ந்த கழுத்து. எந்த எழுத்தாளர் எந்தக் கதை எழுதினாலும் கதாநாயகி அவள்தான். அவளுடைய முகவரி கேட்டு ஒரு வாசகர் ஜாதகம்கூட அனுப்பியிருக்கிறார். அவளை வரைய நான்கு நிமிடம் போதும். ஓடுகிற பேருந்தில் வரைவார். கண்ணை மூடிக்கொண்டும் வரைவார்.

என்னை எப்போது வரைவீர்கள் என்று மனைவி பகவதி கல்யாணமான புதிதில் கேட்டாள். அடுத்த வாரம் என்றார். பிறகும் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கடைசியில் படுக்கையில் விழுந்தபோது மறுபடி கேட்டாள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வரைந்தார். நான்கு நிமிடம்.

அவள் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அழகாக இருக்கிறாள் என்றாள். ஆனால் இது உங்கள் பத்திரிகைப் பெண்தானே என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பன்னிரண்டு நாள் கழித்துப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அவர் முயன்று பார்த்தார். கல்யாண ஃபோட்டோவை எதிரில் வைத்துக்கொண்டு வரைந்தாலும் பத்திரிகைப் பெண்தான் வந்தாள்.

"ஒரு தடவை அவளை அவளா வரையணும். ஒரே ஒரு தடவை போதும். அதுக்காகத்தான் வந்தேன்மா."

எஸ்தர் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். உப்பளத்தின் ஓரத்தில் அவருக்கென்று ஒரு அறை ஏற்பாடு செய்திருந்தாள்.

மறுநாள் காலை அவரை வரப்புக்கு அழைத்துப் போனாள். கொஞ்ச தூரத்தில் ஓர் உப்புக் குவியல் இருந்தது. ஆள் உயரம். பெண்கள் அதை அம்பாரம் என்றார்கள்.

"இதை வரைங்க."

"எத்தனை நாளைக்கு?"

"தினமும். ஒரு நாளைக்கு ஒரு தாள்."

அம்பலவாணன் குவியலைப் பார்த்தார். வெள்ளைத் தரையில் வெள்ளைக் குவியல்.

"செஞ்சதையே செஞ்சு கெட்டுப்போன கைம்மா இது. அதுக்கு மருந்தும் அதேதானா?"

எஸ்தர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் குவியலைப் பார்த்தாள்.

"காத்து திரும்புது," என்றாள். போய்விட்டாள்.

அவர் வரைந்தார்.

முதல் நாள் ஒரு மணி நேரம் ஆனது. இரண்டாம் நாளும். பத்து நாளில் குவியல் பிடிபட்டுவிட்டது. இடது சரிவு நீளம், வலது சரிவு செங்குத்து, உச்சி கொஞ்சம் மழுங்கல். கை அதைத் தெரிந்துகொண்டது. கை தெரிந்துகொண்டதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

பகல் நீளமாக இருந்தது. அந்த வெளியில் நிழல் என்று ஒன்று இல்லை. அறைக்குத் திரும்பி உலை வைப்பார். இரண்டு பேருக்கு அரிசி அளந்துவிட்டு, ஒரு கைப்பிடியை அள்ளித் திரும்ப டப்பாவில் போடுவார். ஒவ்வொரு நாளும் அளந்த பிறகுதான் அது ஞாபகம் வரும். சில நாட்களில் அவர் வாய்திறந்து சொன்ன ஒரே வார்த்தை, கடையில் கேட்ட தீப்பெட்டியாக இருக்கும்.

எஸ்தர் அவர் வரைந்ததைப் பார்க்கக் கேட்கவில்லை. அவரும் காட்டவில்லை.

மாசி பாதியில் ஒரு நாள் அவர் முடிக்கிற நேரத்தில் பின்னால் யாரோ நின்றார்கள். வேம்பு. உப்பு வாருகிறவள். இடுப்பில் காலிக் கூடை.

"ஐயா, இந்த அம்பாரம் எந்த ஊருல இருக்கு?"

அவருக்குப் புரியவில்லை.

"நேத்து சாயங்காலமே லாரி வந்து பாதியை அள்ளிக்கிட்டுப் போயிருச்சே. நீங்க முழுசா வெச்சிருக்கீங்க."

வரப்பில் போய்க்கொண்டிருந்த இன்னொருத்தி, ஐயா வீட்டிலிருந்து கொண்டுவந்து கொட்டியிருப்பார் என்றாள். கூடப் போனவர்கள் சிரித்தார்கள்.

அம்பலவாணன் தலையை நிமிர்த்தினார். குவியலின் வலது பாதி இல்லை. வெட்டிய இடம் செங்குத்தாக, புதிதாக, ஈரமாக இருந்தது. அதற்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். தாளில் முழுக் குவியல். மழுங்கிய உச்சி, செங்குத்தான வலது சரிவு, எல்லாம் சரியாக இருந்தன.

அவர் தாளை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். எஸ்தர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் தாளை அவள் முன்னால் வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

"நான் கிளம்புறேன். பகவதிக்குச் செஞ்சதைத்தான் உப்புக்கும் செஞ்சிருக்கேன்."

எஸ்தர் தூரிகையின் முனையை விரலால் கூராக்கினாள்.

"ஒண்ணையே தினமும் செஞ்சா கண்ணு போயிடுதும்மா. எனக்குப் போயிடுச்சு. உங்களுக்கு மட்டும் ஏன் போகல?" என்று கேட்டார்.

"பஸ் மதியானம்தான்," என்றாள் எஸ்தர். "நாளைக்குக் காலையில வேம்புகூட உப்பு வாருங்க. அதுக்கப்புறம் கிளம்பலாம்."

மறுநாள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். கணுக்கால் அளவு உப்புநீர். அடியில் உப்பு ஆடையாகப் படிந்திருந்தது. அதற்கும் அடியில் களிமண். நீளமான கழியின் முனையில் பொருத்திய பலகையால் அந்த உப்பை மட்டும் இழுக்க வேண்டும். பலகை உப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் போக வேண்டும். கொஞ்சம் மேலே போனால் உப்பு வராது. கொஞ்சம் கீழே போனால் மண் வரும். மண் கலந்த உப்பைத் தள்ளிக் கொட்ட வேண்டியதுதான்.

வேம்பு பலகையை அவர் கையில் கொடுத்தாள். ஓவியரய்யா வாருகிற உப்புக்கு ருசி அதிகமாக இருக்குமா என்று பக்கத்துப் பாத்தியில் யாரோ கேட்டார்கள்.

முதல் இழுப்பு வெள்ளையாக வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் வெள்ளைதான். நான்காவது இழுப்பில் கரும்பழுப்பாகக் கலங்கியது.

"மண்ணு," என்றாள் வேம்பு.

"முந்தின இழுப்பு மாதிரிதானே இழுத்தேன்."

"அதான் வந்துச்சு. முந்தின இழுப்பு அங்க. இது இங்க."

அவர் மறுபடி இழுத்தார். தரை எல்லா இடத்திலும் ஒரே மட்டம் இல்லை என்பது கழி வழியாகக் கையில் தெரிந்தது. ஓர் இடத்தில் உப்பு தடித்திருந்தது. அரையடி தள்ளி மெலிந்திருந்தது. பத்து இழுப்பு சுத்தமாக வந்தது. பகவதி சுவர்ப் பக்கம் திரும்பியது நினைவுக்கு வந்தது. மண் வந்தது.

"எங்க போயிட்டீங்க?" என்றாள் வேம்பு.

அவர் பலகையை மறுபடி நீரில் இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, எத்தனை வருடமாக இந்த வேலை என்று கேட்டார். வயசுக்கு வந்ததிலிருந்து என்றாள்.

"சலிச்சுப்போகாதா?"

"போகாம? இடுப்பு ஒடிஞ்சுபோவுது." அவள் பலகையை வாங்கி ஓர் இழுப்பு இழுத்தாள். நீர்கூடக் கலங்கவில்லை. "பலகை போறப்ப மட்டும் சலிக்கக் கூடாது. மண்ணு வந்துரும்."

வெயில் ஏறியபோது அவர் உள்ளங்கைகளில் கொப்புளம். கொட்டகைக்கு வந்தார். உப்புநீரில் கைகள் எரிந்தன. எஸ்தர் ஒரு குவளையில் நல்ல தண்ணீர் கொடுத்தாள்.

"எத்தனை தடவை மண்ணு வந்துச்சு?"

"எண்ணல."

மதியானப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இருவரும் அதைக் கேட்டார்கள்.

மறுநாள் காலை அம்பலவாணன் பாதிக் குவியலின் எதிரே உட்கார்ந்தார். கை தானாகக் கிளம்பியது. நிறுத்தினார். மறுபடி பார்த்தார். அன்று தாளில் மூன்று கோடுகள் மட்டும் இருந்தன.

பங்குனியில் குவியல் மறுபடி வளர்ந்தது. சித்திரையில் லாரி வந்தது. வைகாசியில் காற்று அதன் மேற்குப் பக்கத்தைத் தட்டையாக்கியது. ஒரு நாள் உச்சியில் ஒரு நாரை நின்றது. ஒரு நாள் யாரோ ஏறி இறங்கிய கால்தடம். பனி இருந்த காலையில் அது நீலமாக இருந்தது. மேகம் இருந்த காலையில் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. தெரியாத ஓரத்தைத் தெரியாமலே விட்டார்.

அவரும் தாள்களைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினார்.

தனிமை குறையவில்லை. இப்போதும் இரண்டு பேருக்குத்தான் அரிசி அளந்தார். ஆனால் அளக்கும்போதே அது தெரிந்தது. தெரிந்துகொண்டே அளந்து, தெரிந்துகொண்டே ஒரு கைப்பிடியை எடுத்தார். இது முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஐப்பசியில் மழை இறங்கியது. பெண்கள் மிச்சமிருந்த குவியல்களைக் கீற்றால் மூடிக் கயிறு கட்டினார்கள். பாத்திகள் எல்லாம் ஒரே தண்ணீராகிவிட்டன. எஸ்தரின் வரப்பும் பாதி மூழ்கிவிட்டது. அவள் மூழ்கிய வரப்பை வரைந்தாள்.

அன்று அவரிடம் சொன்னாள்.

"இனிமே தைக்குத்தான் உப்பு. நீங்க வந்த வேலையைப் பாருங்க, ஐயா."

அம்பலவாணன் அறையில் பலகைமேல் ஒரு புதுத் தாளை விரித்தார். பத்திரிகைப் பெண் வருவாளோ என்று பயந்தார். வரவில்லை. யாரும் வரவில்லை.

பகவதியின் ஒரு காது மடல், சின்ன வயதில் கம்மல் மாட்டிக் கிழிந்து தைத்தது. தைத்த இடத்தில் மெல்லிய தழும்பு இருக்கும். அதிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தார். தூரிகையைத் தாளுக்கு அருகில் கொண்டுபோனார்.

எந்தக் காது?

கம்மலில் பம்பரக் கயிறு மாட்டி இழுத்ததில் காது கிழிந்த கதை அவருக்கு முழுதாகத் தெரியும். இழுத்த பையனின் பெயர்கூடத் தெரியும். எந்தக் காது என்று தெரியவில்லை.

மழையில் நனைந்தபடியே அவர் கொட்டகைக்குப் போனார். எஸ்தர் ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் காதுன்னு தெரியலம்மா."

அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஃபோட்டோவில் இல்லையா என்றாள் எஸ்தர். கல்யாண ஃபோட்டோவில் இரண்டு காதையும் நகையும் பூவும் மறைத்திருந்தன. யாரையாவது கேட்கலாமே என்றாள்.

"அவ தங்கச்சிகிட்ட கேட்டா உடனே சொல்லிடுவா." அவர் குரல் இறங்கியது. "ஆனா அது அவ தங்கச்சி பார்த்தது."

எஸ்தர் தலையசைத்தாள்.

"அப்போ காதை வரையாதீங்க."

"கண்ணும் நிச்சயமில்ல. வாயும் நிச்சயமில்ல. எல்லாத்தையும் விட்டுட்டா என்ன மிஞ்சும்?"

"எனக்கு எப்படித் தெரியும், ஐயா. பார்த்தது நீங்கதானே."

மூன்று நாட்கள் அவர் வெள்ளைத் தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மழை பெய்தது, விட்டது, மறுபடி பெய்தது. ஒரு கோடுகூடப் போடவில்லை. பார்த்தது என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். அத்தனை வருடமும் ஒரே வீட்டில் இருந்தும், குனிந்த தலையோடு இருந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வரைபலகையும் அதன் நான்கு மூலைகளும்தான்.

நான்காம் நாள் பிற்பகல், தேடுவதை விட்டுவிட்டார். பழக்கப்பட்டபடி பலகைமேல் குனிந்து சும்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில், தன் கண் தாளின் வலது மேல்மூலைக்கு அடிக்கடி போய்வருவதைக் கவனித்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி போனது. எதையோ எதிர்பார்க்கிற கண்.

கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி.

அவர் தூரிகையை எடுத்தார். இருட்டுவதற்கு முன் முடித்துவிட்டார்.

மறுநாள் காலை மழை வெறித்திருந்தது. கொட்டகை வாசலில் எஸ்தர் ஈரத் தாள்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தன் தாளை நீட்டினார்.

பெரிய தாள். முழுக்க வெள்ளை. வலது மேல்மூலையில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படம். சேலை முந்தானையைச் சுற்றி டம்ளரைப் பிடித்த ஒரு பெண்ணின் கை. மணிக்கட்டுவரைதான். டம்ளரை வைப்பதற்கு முன்பு அந்தக் கையின் சுண்டுவிரல் நீண்டு, பக்கத்திலிருந்த மைக்குப்பியை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது. நகத்தின் ஓரத்தில் மஞ்சள் கறை இருந்தது. வளையல் ஒன்று மற்றொன்றின்மேல் ஏறி நின்றது.

எஸ்தர் வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன் மூலையில?"

"அங்கதான் வரும்."

பிறகு அவராகவே சொன்னார். கல்யாணமான முதல் மாதம், வேலை மும்முரத்தில் மைக்குப்பி என்று நினைத்துத் தூரிகையைக் காபியில் தோய்த்துவிட்டார். படம் பாழ். பகவதி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாளிலிருந்து மூன்று மணிக் காபியை வைக்கும்போதெல்லாம் சுண்டுவிரலால் மைக்குப்பியை எட்டத் தள்ளிவிட்டுத்தான் டம்ளரை வைப்பாள். அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. கை வரும். குப்பி நகரும். டம்ளர் உட்காரும். கை போய்விடும்.

"இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். "முகம் வரல. இதைப் பார்த்தா, இது தான்தான்னு அவளுக்குத் தெரியுமா?"

எஸ்தர் தாளை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"எத்தனை வருஷம் வெச்சாங்க?"

"முப்பத்தேழு."

"தினமுமா?"

"தினமும்."

"நீங்க இதுவரைக்கும் ஒரு நாளைத்தான் வரைஞ்சிருக்கீங்க," என்றாள் எஸ்தர்.